முப்பத்தைந்து ஓம்

தமயந்தியின் பொறுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்களில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை.

மதுரை சுற்றுச்சாலை ஓரம், மூடிப்போன ஒரு நூற்பாலையின் இரண்டாவது மாடியில் இயங்கியது நித்தியம் இதயக் கண்காணிப்பு மையம். நாற்பது மேசைகள், ஒவ்வொன்றுக்கும் இடையே தலை மறையும் உயரத்துக்குத் தடுப்பு. காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் மாலை ஆறு வரை திரையில் எண்கள் ஓடும். பக்கத்து மேசையில் இருமல் கேட்டால் அங்கே ஒரு ஆள் இருப்பது தெரியும். அந்த இருமல்காரர் ஆணா பெண்ணா என்றுகூடத் தமயந்திக்கு நான்கு மாதம் தெரியாமல் இருந்தது.

அந்தக் காலத்தில் பழுதான இதயத்தோடு ஒரு சின்ன மோட்டாரை ஒட்டிப் பொருத்திவிடுவார்கள். எலுமிச்சம்பழ அளவு. சுழலி என்று பெயர். அது துடிக்காது, இடைவிடாமல் சுற்றும். அதனால் சுழலி வைத்தவர்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி இருக்காது. வயிற்றைத் துளைத்து வரும் ஒரு வயர் இடுப்பிலிருக்கும் பேட்டரியில் சேரும். பேட்டரி தன் கணக்கை வீட்டுச் சார்ஜருக்குச் சொல்லும், சார்ஜர் செயற்கைக்கோள் வழியாக மதுரைக்கு அனுப்பும்.

அதில் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்தான். மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் ஒன்று, அது இழுக்கும் கரண்ட் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் பவர், இத்தனை வாட் என்று வரும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், இத்தனை ஓம் என்று வரும். இந்த நான்கு எண்களும் நோயாளியின் எண்ணும் நிலையைக் காட்டும் ஒரு நிறப் புள்ளியும் மட்டும் தமயந்தியின் திரையில் தெரியும். பெயர், ஊர், வயது எதுவும் தெரியாது. சில வருடங்களுக்கு முன்பு சுழலிக்காரர்களின் பட்டியல் ஒன்று வெளியே போய், பலருக்கு வேலை போயிற்று, சில கல்யாணங்கள் நின்றன. அதற்குப் பிறகு சட்டம் போட்டுவிட்டார்கள். நோயாளி யார் என்று கண்காணிப்பவர் தெரிந்துகொள்வது குற்றம்.

உறவினர்களுக்கு எண்கள்கூடக் கிடையாது. அவர்கள் கைபேசியில் அந்தப் புள்ளி மட்டும் தெரியும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் அபாயம். அவ்வளவுதான்.

தமயந்திக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு பதினாறு வருடம் வாடிப்பட்டியில் தன் கணவரோடு சேர்ந்து போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவள். கணவர் விபத்தில் இறந்தபிறகு பட்டறையைத் தனியாக நடத்திப் பார்த்தாள். மோட்டாரைத் தூக்கி இறக்க ஆள் கிடைக்கவில்லை. பூட்டிவிட்டு மதுரைக்கு வந்து, ஒரு அறை எடுத்துத் தங்கினாள். வேலைக்கான நேர்முகத்தில், "மெடிக்கல் அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள். "மோட்டார் அனுபவம் இருக்கு" என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டில் அவளுக்குப் பழக்கமானவர் 2117.

ஏன் அந்த எண் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எல்லோருடைய கோடும் நாள் முழுக்கக் கோணல்மாணலாக ஏறி இறங்கும். 2117-இன் கோடு தட்டையாக இருக்கும். பதினாலு வோல்ட், பாயிண்ட் நாலு ஆம்பியர். ஐந்து புள்ளி ஆறு வாட், முப்பத்தைந்து ஓம். ஆனால் தினமும் மாலை நாலு மணிக்குக் கரண்ட் மெல்ல ஏறும். பாயிண்ட் ஐந்து இரண்டு வரை போகும். பத்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு இறங்கும். அப்புறம் ஒரு கால் மணி நேரம் கோடு கீழே இருக்கும். பிறகு இன்னொரு சின்ன ஏற்றம், மறுபடியும் தட்டை.

எங்கோ ஏறுகிறார், உட்காருகிறார், இறங்கி வருகிறார். கோயிலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஞாயிறும் தவறாது, மழையிலும் தவறாது. மூன்றே முக்காலுக்கே தேநீர்க் கோப்பையோடு திரைக்கு முன் வந்து உட்கார்ந்துவிடுவாள். கோடு ஏறத் தொடங்கியதும், "ம், கிளம்பியாச்சு" என்பாள். அன்றைக்கு முழுக்க அவள் வாய் திறந்து பேசிய சொற்கள் பல நாள் அந்த இரண்டு மட்டும்தான்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கோடு ஏறவில்லை. புதன்கிழமையும் ஏறவில்லை. ஊரில் மழையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு வாரம் போயிற்று. அடுத்த வாரம் கோடு தட்டையாகத்தான் இருந்தது, ஆனால் தட்டையான அந்த இடம் உயர்ந்திருந்தது. பாயிண்ட் நாலு இரண்டு. பிறகு நாலு ஐந்து. மூன்றாவது வாரம் பாயிண்ட் நாலு ஒன்பது.

புள்ளி பச்சையாகவே இருந்தது.

தமயந்தி ஒரு தாளில் பழைய எண்களையும் புதிய எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு ஷிஃப்ட் அதிகாரி ஜவஹரிடம் போனாள். முப்பது வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன்.

"பச்சையாத்தானக்கா இருக்கு?" என்றான் திரையைப் பார்த்தபடி.

"பச்சைதான் சார். ஆனா இதைப் பாருங்க. மூணு வாரம் முன்னாடி சும்மா இருக்கும்போது முப்பத்தஞ்சு ஓம். இப்ப சும்மா இருக்கும்போதே இருபத்தெட்டரை ஓம். வாட் கணக்குல அஞ்சரை சொச்சம் இருந்தது ஏழு கிட்ட வந்திருச்சு."

"ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சா நல்லதுதானே? ரத்தம் தடையில்லாம போகுதுன்னு அர்த்தம். சாஃப்ட்வேரும் அதைத்தான் சொல்லுது. 'ஓட்டம் நன்று'ன்னு போட்டிருக்கு பாருங்க."

"இது கம்பியோட ரெசிஸ்டன்ஸ் இல்ல சார். கம்பி அப்படியேதான் இருக்கு. சுத்துற மோட்டாருக்குப் பாரம் கூடினா கரண்டை ஜாஸ்தி இழுக்கும். அப்ப வகுத்துப் பாத்தா ஓம் குறைஞ்ச மாதிரி வரும். போர்வெல்ல மண்ணு சிக்கினா இதே கதைதான். கரண்ட் ஏறும், தண்ணி வராது. மீட்டரை மட்டும் பாக்குறவரு மோட்டார் நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்குவாரு."

"இங்க மண்ணு எங்கேருந்து வரும்?"

"ரத்தம் கட்டியிருக்கும் சார். சுத்துற எடத்துல."

ஜவஹர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படின்னா சிவப்பு காட்டியிருக்கணுமே."

"அது நாளோட உச்சத்தை மட்டும்தான் பாக்குது. இவரு தினமும் நாலு மணிக்கு எங்கயோ ஏறுவாரு. அப்ப ஏழே கால் வாட் போகும். அதுதான் இவருக்கு வழக்கமான உச்சம்னு சாஃப்ட்வேர் கத்து வச்சிருக்கு. இப்ப ஏறுறதை நிறுத்திட்டாரு. என்ன கூடினாலும் அந்த ஏழே காலைத் தாண்டல. அதனால பச்சை." அவள் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். "உக்காந்த இடத்துலயே மலை ஏறிக்கிட்டு இருக்கு சார் அந்த இதயம்."

அவன் மேலிடத்துக்கு எழுதினான். மறுநாள் பதில் வந்தது. அளவுகள் வரம்புக்குள் உள்ளன, நடவடிக்கை தேவையில்லை, அடுத்த ஆய்வு பதினான்கு நாள் கழித்து.

"அவரோட போன் நம்பரைக் கேளுங்க சார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வச்சிடுறேன்."

"எனக்கே அது கிடையாதுக்கா. சிவப்பு வந்தாத்தான் பேர் திறக்கும்." ஜவஹர் குரலைத் தாழ்த்தினான். "நீங்க சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா வழி இல்ல."

அன்று அறைக்குப் போகாமல் தமயந்தி மேசையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். சார்ஜர் அனுப்பும் தகவலில் யாரும் பார்க்காத ஒரு பத்தி உண்டு. சுவரிலிருந்து சார்ஜருக்கு வரும் கரண்டின் வோல்டேஜ். 2117-இன் பத்தியைத் திறந்தாள். போன ஐந்து மாதத்தில் ஐந்து நாள் காலை ஒன்பது மணிக்கு அது பூஜ்யமாகியிருந்தது. சாயந்தரம் வாக்கில்தான் திரும்பியிருந்தது. மற்ற நாட்களிலும் அது இருநூறு வோல்ட்டைத் தாண்டியதே இல்லை.

பட்டறை வைத்திருந்தவளுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் அவளும் அவள் கணவரும் விடுமுறை எடுப்பார்கள். ஐந்து தேதிகளையும் பழைய அறிவிப்புகளோடு ஒப்பிட்டாள். முதல் தேதிக்கு முப்பத்தோரு ஊர்கள் வந்தன. இரண்டாவதில் ஆறாகச் சுருங்கின. நான்காவது தேதியில் ஒன்றுதான் மிஞ்சியது. நத்தத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளிமடை துணை மின்நிலையம். ஐந்தாவது தேதியும் அதனுடன் பொருந்தியது.

இது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிமடைக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க லைன்ல ரொம்ப லோ வோல்டேஜ் எங்க வரும்? நூத்தித் தொண்ணூத்தஞ்சு, இருநூறு, அப்படி."

"நீங்க யாரும்மா?"

"மோட்டார் காயில் கட்டுறவங்க. அந்தப் பக்கம் ஒரு மோட்டாரு ஜாஸ்தி இழுக்குது."

பொய்யும் இல்லை. எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். "கடைசி டிரான்ஸ்பார்மர் கரட்டுப்பட்டியில இருக்கும்மா. ஆனா அங்க மோட்டாரு போடுறதுக்கு யாரு இருக்கா? இருக்கிறதே எட்டு வீடு."

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். நத்தம் தாண்டியதும் கைபேசியில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, வெள்ளிமடையில் முழுதாகப் போய்விட்டது. ஆள் குறைந்த ஊர்களின் டவர்களைச் சில வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். கரட்டுப்பட்டியில் ஒரு சின்ன மாதா கோயிலும் பூட்டிய பள்ளிக்கூடமும் இருந்தன. ஊருக்குப் பின்னால் மொட்டையாக ஒரு கரடு, அதன் மேல் ஒரு சிலுவை, சிலுவை வரைக்கும் படிகள்.

அந்தப் படிகளைப் பார்த்ததும் தமயந்தி வண்டியை நிறுத்திவிட்டாள். ஊரும் ஆளும் சரி என்று யாரையும் கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம், "இடுப்புல பேட்டரி கட்டினவரு..." என்று ஆரம்பித்தாள்.

"லாரிக்காரரா? அந்தா, நீலக் கதவு" என்று கை காட்டிவிட்டு அவள் போனாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். கால்கள் வீங்கியிருந்தன. முகத்தில் ஒரு மஞ்சள்.

"கரண்ட் ஆபீஸா? மீட்டர் வெளியிலதான் இருக்கு" என்றார்.

"இல்லண்ணே. நான் மதுரையிலேருந்து வர்றேன். உங்க சுழலியைப் பாக்குற இடத்துல வேலை செய்யிறேன்."

அவர் சட்டென்று எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் போடுவதற்குள் மூச்சு வாங்கியது.

"நீங்கதானா பாக்குறது? இத்தனை நாளாவா?"

"ஒன்றரை வருஷமா."

"பொம்பளைப் பிள்ளைன்னு தெரியாமப் போச்சே" என்று கூச்சமாகச் சிரித்தார். பிறகு சுவரோரம் இருந்த சார்ஜரைக் காட்டினார். அதன் மேல் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. "காலையில எந்திரிச்சதும் அதுகிட்டதான் சொல்லுவேன். இன்னிக்கு இட்லி வாங்கினேன், இன்னிக்கு ஆட்டுக்காரம்மா குழம்பு குடுத்துச்சுன்னு. எல்லாம் கேட்டிருப்பீங்களே."

தமயந்தி பொய் சொல்ல நினைத்தாள், முடியவில்லை.

"அதுல பேச்சு வராதுண்ணே. கரண்டு மட்டும்தான் வரும்."

"பேச்சு வராதா?"

"வராது."

அவர் சார்ஜரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவால்ல" என்றார்.

அவர் பெயர் சவரிமுத்து. லாரி ஓட்டி, தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்க வைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி இன்னாசி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் தமயந்தி பிறகுதான் தெரிந்துகொண்டாள். அப்போது முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. ஒண்ணுக்குப் போறது என்ன நிறத்துல போகுது?"

"பத்து நாளா கடுங்காப்பி மாதிரி போகுதும்மா. வெயிலுன்னு நினைச்சேன்."

ஐப்பசியில் வெயிலா என்று அவள் கேட்கவில்லை. சுழலிக் கையேட்டில் அந்த நிறம் எழுதியிருந்தது. கட்டிய ரத்தத்தில் சக்கரம் உரசும்போது ரத்த அணுக்கள் உடைந்து வரும் நிறம் அது.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இங்க சிக்னல் எங்க கிடைக்கும்?"

"கரட்டு மேல. சிலுவைகிட்ட."

"தினம் நாலு மணிக்கு அங்கதானே போவீங்க?"

அவர் வியந்து பார்த்தார். "அது எப்படித் தெரியும்? ஆமா, தம்பிகிட்டப் பேசப் போவேன். அவன் ஷிப்டு மாறுற நேரம். பத்துப் பதினஞ்சு நிமிசம் பேசுவான்."

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவன்தான் சொன்னான். 'எதுக்குண்ணே தினமும் மலையேறிப் போன் பண்ற, நெஞ்சுக்கு ஆகாது. என் போன்ல பச்சை தெரியுதுல்ல, நீ நல்லா இருக்கேன்னு எனக்குத்தான் தெரியுதே'ன்னான். என் நல்லதுக்குத்தான் சொன்னான்." நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "பேசுறதுக்கும் என்ன இருக்கு? நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். அதுதான் தெரிஞ்சுபோச்சே. அப்புறம் எதுக்கு ஏறுறது?"

அவரைப் படுக்க வைத்து, ஆட்டுக்காரம்மாவைத் துணைக்கு விட்டுவிட்டு, தமயந்தி கரட்டில் ஏறினாள். நூற்றைம்பது படிகளுக்கு மேல் இருக்கும். பாதியில் மூச்சு முட்டியது. திரையில் அவள் ஒன்றரை வருடமாகப் பார்த்த ஏற்றம் இதுதான். உச்சியில் சிலுவையின் அடியில் ஒரு பாறை, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. அதன் பக்கத்தில் நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல் வந்தது. அந்த மனிதரின் கரண்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை வானத்துக்குப் போய் மதுரைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் குரல் போவதற்கு மட்டும் இந்த ஒரு பாறை.

முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அடுத்து ஜவஹருக்கு.

"பேர் தெரிஞ்சுக்கிட்டீங்களா?" என்றான் அவன் மெதுவாக.

"தெரிஞ்சுக்கிட்டேன் சார். எழுதிக்கங்க."

"சொல்லுங்க, எழுதுறேன். ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லி வைக்கிறேன்" என்றான்.

மூன்றாவதாக, சவரிமுத்து கொடுத்த எண்ணில் இன்னாசிக்குப் போட்டாள். பின்னால் இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

"அண்ணனுக்கா? இல்லீங்களே" என்றான் அவன். "இப்பக்கூடப் பாத்தேன். பச்சையாத்தான் இருக்கு."

"அது தப்பாக் காட்டுதுங்க. பம்புல ரத்தம் கட்டியிருக்கு. மதுரைக்குக் கொண்டுபோறோம்."

"நீங்க யாருங்க? கம்பெனியிலேருந்து எனக்கு ஒரு மெசேஜும் வரலியே."

"வராது. நானாத்தான் வந்தேன்."

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இப்படிப் போன் பண்ணி ஏமாத்துறவங்க நெறைய பேரு இருக்காங்க. புள்ளி மாறட்டும், நான் உடனே கிளம்பி வர்றேன்." கெட்ட குரல் இல்லை அது. களைத்துப்போன, கவனமான குரல். தமயந்தி ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஏற்றும்போது சவரிமுத்து சார்ஜரையும் கூடவே எடுத்து வைக்கச் சொன்னார். வழியெல்லாம் அதைத் தொடையில் வைத்துக்கொண்டே வந்தார். அதன் விளக்கு கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

மருத்துவர்கள் ஐந்து நாள் மருந்து ஏற்றி ரத்தக்கட்டைக் கரைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சக்கரம் நின்றிருக்கும் என்று சொன்னார்கள். இன்னாசி மூன்றாம் நாள் பேசினான். ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து அழைப்பு போன பிறகுதான் அவன் நம்பினான். விடுப்பு கிடைக்கவில்லை என்றான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான், அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அழுதான். "அதான் சரியாயிடுச்சுல்லடா, வேலையைப் பாரு" என்றார் சவரிமுத்து.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நோயாளியை அடையாளம் கண்டது, இருப்பிடத்தைத் தேடிப் போனது, உறவினரைத் தொடர்பு கொண்டது. மூன்றையும் தமயந்தி ஒப்புக்கொண்டாள். ஜவஹர் அவளுக்காகப் பேசினான். அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள், அவளைப் பாராட்டவும் செய்தார்கள், பிறகு வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஜவஹர் போன் செய்தான்.

"உங்க கணக்கை சாஃப்ட்வேர்ல சேத்துட்டாங்கக்கா. சும்மா இருக்கும்போது எத்தனை ஓம்னு ஒவ்வொருத்தருக்கும் தனியாப் பாக்குது. போன மாசம் மட்டும் பதினோரு பேரைக் கண்டுபிடிச்சிருக்கு."

"நல்லதுதான் சார்."

"இனிமே ஆள் உக்காந்து பாக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க. முப்பத்தஞ்சு மேசையை எடுத்தாச்சு. ஹாலே காலியாக் கிடக்குக்கா. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது."

தமயந்தி மறுபடியும் மோட்டார் வேலைக்கே போயிருந்தாள். திருமங்கலத்தில் ஒரு பெரிய பட்டறை. காயில் கட்டி முடித்ததும் மீட்டரை வைத்து ஓம் பார்ப்பது அவள் வேலை. அங்கேயும் அதிகம் பேச்சில்லை. மாதம் ஒரு ஞாயிறு மட்டும் கரட்டுப்பட்டிக்குப் போய்வந்தாள். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. சவரிமுத்து டீ போடுவார், அவள் குடிப்பாள். ஒருமுறை அவர், "கரண்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இப்ப எனக்குத் தெரியாதுண்ணே. நீங்கதான் சொல்லணும்" என்றாள். அவர் யோசித்துப் பார்த்து, "ராத்திரி தூக்கம் வருது. கால்தான் கொஞ்சம் கடுக்குது" என்றார்.

மாசி மாதம் ஒரு மதியம், பட்டறையில் சாப்பிட்டுக் கை கழுவும்போது இன்னாசி அழைத்தான்.

"மேடம், அண்ணனோட புள்ளி சாம்பல் ஆயிடுச்சு. நாலு நாளா அப்படியே இருக்கு. கம்பெனியில கேட்டா, 'நோயாளியே பகிர்வதை நிறுத்திட்டார்'னு சொல்றாங்க. எதுக்கு நிறுத்தினாரு?"

"எனக்குத் தெரியாதுங்க." உண்மையிலேயே தெரியாது. சவரிமுத்து அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"நல்லா இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க பாத்துச் சொல்லலாமே."

"நான் இப்ப அங்க வேலையில இல்ல. மிஷினு பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். டாக்டருக்குச் சொல்லும், உங்களுக்குச் சொல்லாது."

"போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாரு."

"வீட்டுல சிக்னல் இல்லீங்க. கரட்டுல ஏற வேண்டாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

நாலு நாளாக அவன் தூங்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. தமயந்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நத்தம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ரெண்டேகாலுக்கு ஒரு மினி பஸ் இருக்கு" என்றாள். "வெள்ளிமடை வரைக்கும் வரும். அதுக்கு மேல மூணு கிலோமீட்டர் நடக்கணும்."

அவன் எழுதிக்கொள்வது கேட்டது. ரெண்டேகால், வெள்ளிமடை, மூணு கிலோமீட்டர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். அதற்குப் பிறகும் போனை வைக்கவில்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

"அந்தச் சுழலி வச்சதுக்கு அப்புறம் நான் அவரைத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல. கையைப் பிடிச்சா... நாடி இருக்காதாமே?"

"இருக்காது" என்றாள் தமயந்தி. "ஆனா கை சூடா இருக்கும்."